வந்த பெண்களை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள்: அமைதித் திட்டங்களை மதிப்பிடப் போகும் டில்லித் தமிழர்களுக்கு

டில்லியில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வேலை பெரும்பாலும் ஒரே வழியில்தான் வந்து சேர்கிறது. லோதி ரோடு பக்கம் ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் தோழி போன் பண்ணுவாள். "உனக்குத் தமிழ் நல்லா வருமில்ல? பத்து நாள் மட்டக்களப்பு போகணும். வெளிநாட்டு உதவியில நடந்த பெண்கள் அமைதித் திட்டம், அதுக்கு மதிப்பீடு. டீம்ல தமிழ் தெரிஞ்சவங்க யாருமே இல்ல." நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன், மொழிபெயர்ப்பாளராக. மூன்றாவது பயணத்தில்தான் கேள்விகளை நானே எழுத ஆரம்பித்தேன். சமீபத்தில் மயூர் விகாரிலிருந்தும் ஆர்.கே.புரத்திலிருந்தும் நான்கைந்து பேர் "எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டங்களின் அறிக்கைகளைத் திறந்தால் கண்ணில் படுவது ஓர் எண்: இத்தனை கூட்டம், இத்தனை பெண்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன சொன்னார், அது எங்கே போனது, சொன்னதற்காக அவருக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நம்மை அனுப்புகிறார்கள்.

முதல் படி: காகிதங்கள்

கிளம்புவதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் வாசிப்புக்கு வேண்டும். பின்னணி தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரிலும் அமைதியிலும் பெண்களின் இடம் குறித்து அந்தச் சபை நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீட்சியும் என்று நான்கு தூண்களாக அதைப் பிரித்துப் பேசுவார்கள். அதற்கு அப்புறம் 1820, 1888, 1889 என்ற எண்களில் வரிசையாகத் தீர்மானங்கள் வந்தன. நாடுகள் தேசியச் செயல்திட்டம் எழுத ஆரம்பித்தன. நேபாளம் 2011-ல் எழுதியது, வங்கதேசம் 2019-ல், இலங்கை 2023-ல். இந்தியா இன்னும் எழுதவில்லை. ஆனால் 2007-ல் லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட போலீஸ் அணியை ஐ.நா. பணிக்கு அனுப்பிய முதல் நாடு இந்தியாதான்.

தீர்மானம் வந்து 15 ஆண்டுகள் ஆனபோது, 2015-ல், அது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று உலகளவில் ஓர் ஆய்வு வெளியானது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கையைச் சேர்ந்த ராதிகா குமாரசுவாமி. நீளமான ஆவணம்தான், ஆனாலும் நிதி பற்றிய அத்தியாயத்தையாவது வாசித்துவிடுங்கள். 1992 முதல் 2011 வரை நடந்த 31 பெரிய அமைதிப் பேச்சுகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு எடுத்துப் பார்த்த கணக்கும் இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும்: பேச்சாளர்களில் பெண்கள் 9 சதவீதம், தலைமை மத்தியஸ்தர்களில் 2 சதவீதம்.

உதவி தரும் நாடுகள் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பாலினக் குறியீடு போடுவார்கள். பாலினச் சமத்துவம்தான் திட்டத்தின் முக்கிய நோக்கம் என்றால் 2, நோக்கங்களில் அதுவும் ஒன்று என்றால் 1, இல்லவே இல்லை என்றால் 0. நீங்கள் மதிப்பிடப் போகும் திட்டத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1 போட்ட திட்டத்தில் பெண்களுக்கான வேலை கடைசி மாதத்தில் அவசரமாக நடந்த ஒரு பயிற்சியாகக்கூட இருக்கலாம்.

அடுத்து பணி விவரக் குறிப்பு. நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று சொல்லும் தாள், நம் பேச்சு வழக்கில் டி.ஓ.ஆர். பொருத்தம், ஒத்திசைவு, பயன், சிக்கனம், தாக்கம், நிலைத்தன்மை என்ற ஆறு அளவுகோல்களும் அதில் இருக்கும். இவை உதவி நாடுகளின் கூட்டமைப்பு வகுத்தவை. முதலில் ஐந்துதான் இருந்தன, ஒத்திசைவு 2019-ல் சேர்ந்தது. டி.ஓ.ஆர்-ல் ஆறுக்கும் சேர்த்து இருபது, முப்பது கேள்வி கேட்டிருப்பார்கள். பத்து நாள் பயணத்தில் அத்தனைக்கும் ஒழுங்காகப் பதில் தேட முடியாது. தொடக்க அறிக்கை எழுதும்போதே, "இந்த ஏழு கேள்விக்குத்தான் ஆதாரத்தோடு பதில் தர முடியும்" என்று எழுதிக் கொடுங்கள். புதியவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். தயங்காதீர்கள். ஒப்புக்கொண்டுவிட்டு கடைசியில் பூசி மெழுகினால், அந்தப் பக்கங்களை நம்பி யாரோ அடுத்த திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள்.

காகிதங்களில் நான் முதலில் திறப்பது பட்ஜெட்டை. திட்டத்தின் உண்மையான முன்னுரிமை அங்கேதான் தெரியும். 100 ரூபாய் கிளம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தலைமையகம், தலைநகர் அலுவலகம், ஆலோசகர், ஹோட்டல் அரங்கு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். கிராமத்துப் பெண்கள் அமைப்பு தானே முடிவு செய்து செலவழித்த தொகை எவ்வளவு? உலகம் முழுவதும் பெண்கள் அமைப்புகளுக்குப் போய்ச் சேரும் பங்கு மொத்த வளர்ச்சி உதவியில் 1 சதவீதத்துக்கும் கீழே. உங்கள் திட்டத்தில் அது எவ்வளவு என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் அந்த அறிக்கையின் மதிப்பே வேறு. அப்புறம் சின்னச் செலவுகளைத் தேடுங்கள்: பஸ் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், கூட்டத்துக்கு வந்த நாளுக்கு இழந்த கூலி. இந்த மூன்றும் பட்ஜெட்டில் இல்லையென்றால் யாரெல்லாம் வந்திருக்க மாட்டார்கள் என்பது புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிடும்: கைக்குழந்தைக்காரி, தினக்கூலிக்காரி, பஸ் போகாத ஊர்க்காரி.

இந்தியாவுக்குள் நடக்கும் திட்டம் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தப்படி, எந்த மாநிலத்து அமைப்பாக இருந்தாலும் வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டியது நம் சன்சத் மார்க்கில் இருக்கும் ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்கில்தான். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே டில்லியில் இருக்கும் பெரிய அமைப்பால் இம்பாலில் இருக்கும் சிறிய பெண்கள் குழுவுக்குத் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தைக் கொடுக்க முடியாது. "உள்ளூர்ப் பெண்கள் குழுக்களை ஏன் வலுப்படுத்தவில்லை?" என்று அந்த அமைப்பைக் குறை சொல்லி எழுதுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: "அதனால் இது ஏன் நடக்கும்?"

திட்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "கிராமத்தில் 300 பெண்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தால் இரண்டு சமூகங்களுக்கு இடையே சண்டை குறையும்." எழுதியதும் நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறதல்லவா? பயிற்சிக்கும் சண்டை குறைவதற்கும் இடையில் என்ன நடக்க வேண்டும்? அந்தப் பெண் யாரிடம் பேசுவார்? அவர் பேச்சைக் கேட்டு முடிவை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அந்த ஆள் திட்டத்தில் எங்காவது வருகிறாரா?

அமைதித் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் இதற்கு எளிய பாகுபாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். சில திட்டங்கள் நிறைய பேரைத் தொட முயலும், சில திட்டங்கள் முக்கியமான சிலரைத் தொட முயலும். சில மனத்தை மாற்றப் பார்க்கும், சில சட்டத்தையும் நிறுவனத்தையும் மாற்றப் பார்க்கும். நிறைய பேரின் மனத்தை மட்டும் தொட்டு நின்றுவிடும் திட்டம் ஊரின் நிலைமையை மாற்றுவது அரிது. நான் பார்த்த பெண்கள் திட்டங்களில் பெரும்பாலானவை அந்த மூலையில்தான் நின்றுபோயின. பெண்கள் மாறிவிட்டார்கள், ஊர் நிர்வாகத்தை நடத்தும் பிரதேச சபை அப்படியே இருந்தது.

இதோடு சேர்த்து ஒரு நினைப்பையும் விட்டுவிட்டுப் போங்கள்: பெண் என்றாலே சமாதானத்தின் பக்கம் என்ற நினைப்பு. 1984-ல் தொடங்கிய நாகா அன்னையர் சங்கம் 1994-ல் "இனி ரத்தம் சிந்தாதீர்கள்" என்று ஆயுதக் குழுக்களிடமே போய்ப் பேசியது உண்மை. 2023-ல் மணிப்பூர் பற்றி எரிந்தபோது பெண்கள் கூட்டமாகத் திரண்டு ராணுவ வண்டிகளை மறித்ததும் உண்மை. ஈழப் போரில் ஆயுதம் ஏந்திய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று நீங்கள் போகும் கூட்டத்தில் பயனாளியாக உட்கார்ந்திருக்கலாம். பெண்களுக்கு அரசியல் உண்டு, பக்கம் உண்டு, கோபம் உண்டு. அதை மறைத்துவிட்டு எல்லோரையும் "அமைதித் தூதுவர்கள்" என்று எழுதும் அறிக்கை அவர்களை மதிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றாம் படி: ஊரின் காலவரிசை

ஓர் ஏ3 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் திட்டம் நடந்த மாதங்கள். கீழ் வரியில் அதே மாதங்களில் ஊரில் நடந்தவை: தேர்தல், கைது, நிலம் திருப்பிக் கொடுத்தது, திருவிழாச் சண்டை, வெள்ளம், விலை ஏற்றம். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்கும்போது நிறைய புரியும். 2017 தொடக்கத்தில், இலங்கையின் வடக்கில் இருக்கும் கேப்பாப்புலவில், ராணுவத்தின் பிடியில் இருந்த தங்கள் நிலத்தைக் கேட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சில வாரங்களில், பிப்ரவரியில், கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். யாருடைய பயிற்சியும் கேட்டு அவர்கள் போகவில்லை. அந்த ஆண்டு இந்த ஊர்கள் இருக்கும் வன்னியில் நடந்த ஒரு "பெண்கள் பங்கேற்பு" திட்டத்தை மதிப்பிடுகிறீர்கள், அறிக்கையில் அந்தப் பந்தலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான்காம் படி: ஏணி

இதுதான் என் வேலையின் நடுக்கூறு. எந்த ஆவணத்திலிருந்தும் எடுத்ததல்ல, களத்தில் போகப் போக நானே சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும், ஒவ்வொரு கூட்டத்தைப் பற்றியும் ஐந்து கேள்விகளை இந்த வரிசையில் கேட்பேன். வந்தாரா? வாய் திறந்தாரா? அவர் சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா? முடிவில் அதன் தடம் தெரிகிறதா? அதற்கு அப்புறம் அவருக்கு என்ன ஆனது?

திட்ட அலுவலகங்களில் முதல் கேள்விக்கு மட்டும் ஆதாரம் மலை மாதிரிக் குவிந்திருக்கும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் வருகைத் தாள்களை மேசையில் பரப்பி வைத்து ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன். ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வந்தது, கடைசி எழுத்தின் சுழி வலது பக்கம் நீண்டு போகும் கையெழுத்து. எண்ணினேன், பதினேழு தாளில் இருந்தது. தலைமைத்துவம், முரண்பாட்டுத் தீர்வு, பாலினம், மறுபடி தலைமைத்துவம். அடுத்த நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். பீரோவுக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தார். சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், மழையில் நனையாமல். "இவ்வளவும் முடிச்சிட்டன் மிஸ். இனி எங்க போய்க் கதைக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார். திட்ட அறிக்கையில் அவர் பதினேழு பெண்களாகப் பதிவாகியிருந்தார். நீங்களும் முதல் நாளே செய்ய வேண்டியது இதுதான்: வருகைத் தாள்களில் திரும்ப வரும் பெயர்களைக் கழித்து, உண்மையில் எத்தனை தனி ஆட்கள் என்று எண்ணுங்கள்.

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குக் கூட்டக் குறிப்பேடு வேண்டும். பெண்கள் சொன்னதாக அவர்களே சொல்லும் விஷயம் குறிப்பேட்டில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெண் சொன்ன யோசனை தலைவர் பெயரில் தீர்மானமாகியிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதையும் ஆதாரமாக எழுதுங்கள்: யோசனை ஏறியிருக்கிறது, அவர் ஏறவில்லை.

இந்த ஏணியைப் பழைய நிகழ்வுகளில் வைத்துப் பார்த்தால் கை பழகும். 2002-ல் தொடங்கிய சமாதானப் பேச்சில் இலங்கை அரசும் புலிகளும் பாலினம் பற்றிய துணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பெண்கள். நோர்வேயின் முன்னாள் அமைச்சர் ஆஸ்ட்ரிட் ஹைபெர்க் துணையாக இருந்தார். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். வந்தார்கள், பேசினார்கள், பேச வேண்டிய விஷயங்களைப் பட்டியலிட்டார்கள். ஆனால் முடிவெடுக்கும் மேசை வேறாக இருந்தது. அடுத்த மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள், அந்தக் குழுவும் அதோடு நின்றுபோனது. மூன்றாம் படியில் நின்ற ஏணி அது. பிலிப்பைன்ஸில் 2014 மார்ச்சில் முஸ்லிம் கிளர்ச்சிக் குழுவோடு செய்த பங்சாமோரோ உடன்படிக்கையில் அரசு தரப்பின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்துப் போட்டவர் மிரியம் கொரோனெல் ஃபெரர். அங்கே முடிவெடுக்கும் மேசையிலேயே பெண் இருந்தார்.

பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. டில்லியில் காவல் நிலையங்களோடு சேர்ந்து அமன் கமிட்டிகள், அதாவது அமைதிக் குழுக்கள், இயங்குகின்றன. பண்டிகைக்கு முன்னாலும், அக்கம்பக்கத்தில் பதற்றம் வந்தாலும் கூடுவார்கள். உங்கள் பகுதியில் எப்போது கூடுகிறது என்று விசாரித்து, அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் பின் வரிசையில் உட்காருங்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் திரிலோக்புரி போன்ற இடமானால் இன்னும் நல்லது. எத்தனை பெண்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், பெண் பேசும்போது யார் குறுக்கிட்டார்கள், முடிவில் வாசித்த வரிகளில் அவர் சொன்னது இருந்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். இப்படி இரண்டு கூட்டம் பார்த்தால் கண்ணுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது பழகிவிடும்.

ஐந்தாம் படி: களம்

முதலில் மொழி. தமிழ் தெரியும் என்றுதான் நம்மைக் கூட்டிப் போகிறார்கள், ஆனால் நம் தமிழ் அங்கே எல்லா இடத்திலும் செல்லாது. என் முதல் பயணத்தில் "கூட்டத்தில் பேசினீர்களா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "இல்லை, நாங்கள் ஒருத்தரையும் பேச மாட்டம்" என்றார்கள். நான் "இல்லை" என்று குறித்துக்கொண்டேன். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவது என்பதை அவர்கள் கதைப்பது என்பார்கள். மாலையில் உள்ளூர்த் தோழி சொன்ன பிறகுதான் அன்றைய குறிப்பு முழுவதும் வீண் என்று புரிந்தது. நாம் அதிகாரப்படுத்துதல் என்போம், அங்கே வலுவூட்டல். பங்கேற்பு என்றால் புரியும், ஆனால் அவர்கள் வாயில் வருவது பங்குபற்றுதல். சமாதானம் என்ற சொல்லைச் சொன்னதும் நிறைய பேருக்கு 2002-ல் தொடங்கிய போர்நிறுத்தக் காலம்தான் ஞாபகம் வரும். "சமாதான காலம்" என்றே சொல்வார்கள். கேள்வித்தாளை உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் அச்சடியுங்கள்.

இரண்டாவது, நாம் யார் என்பது. டில்லியிலிருந்து வரும் தமிழர் அங்கே நடுநிலையானவர் இல்லை. இந்திய அமைதிப் படை இருந்த ஆண்டுகளை மறக்காத வீடுகள் உண்டு. மட்டக்களப்புப் பக்கம் முஸ்லிம் பெண்களும் தமிழில்தான் கதைப்பார்கள், ஆனால் மொழி ஒன்று என்பதற்காக நம்மை அவர்களில் ஒருவராக எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை அறியாமல் அவர்களிடம் நல்லிணக்கம் பற்றிக் கேட்கக் கூடாது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்களை முதல் நாளே ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள். சிங்களக் கிராமத்துக்கு அவர்களுக்குப் பழகிய மொழிபெயர்ப்பாளரோடு போங்கள். பதில்கள் எங்கே முரண்படுகின்றன என்பதில்தான் திட்டத்தின் உண்மை நிலை தெரியும்.

மூன்றாவது பாதுகாப்பு. நான் செய்த தவறைச் சொல்கிறேன். வன்னியில் ஒரு மாதர் சங்கக் கட்டடம், மதியம் மூன்று மணி. பன்னிரண்டு பெண்கள். வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் சாய்ந்து நின்றார். யாரோ ஒருவரின் கணவர் என்று எண்ணினேன், கேட்கவில்லை. கூட்டம் நன்றாகப் போனது. நிலம் பற்றிக் கேட்டேன், ஒரு பெண் மனம் விட்டுக் கதைத்தார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்து, யார் வந்தது, என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். போனில், "பரவாயில்ல மிஸ், எங்களுக்குப் பழக்கம்தானே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சொன்ன பகுதியை அவரைக் கேட்டு அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் சில வழக்கங்களை நான் மாற்றிக்கொள்வதே இல்லை. கூட்டம் தொடங்கும் முன் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் யார் என்று அங்குள்ள பெண்களிடமே கேட்பேன். தெரியாத ஆள் இருந்தால் அன்றைக்குச் சமையல், மழை, பள்ளிக்கூடம் பற்றிக் கதைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கஷ்டமான கேள்விகளைக் குழுவில் கேட்பதில்லை, தனியாகத்தான், அதுவும் அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில். பெயர், கிராமம், வயது மூன்றும் ஒரே தாளில் இருக்காது. படம் எடுப்பதில்லை, டோனர், அதாவது பணம் தரும் அமைப்பு, கேட்டாலும். திட்டத்தின் வண்டியில் போய் இறங்குவதுமில்லை. அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் பதில்கள் இனிப்பாகிவிடும்.

நேரத்தையும் பாருங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகாத பெண்கள் மட்டுமே வருவார்கள். பள்ளி விடும் நேரத்துக்கு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். வராதவர்களைத் தேடிப் போவதற்குப் பத்து நாளில் இரண்டு நாளை ஒதுக்குங்கள். திட்டத்தைப் பாதியில் விட்ட பெண்களிடமிருந்து நான் கற்றது, கடைசிவரை இருந்தவர்களிடம் கற்றதைவிட அதிகம்.

ஆறாம் படி: யாரால் வந்த மாற்றம்?

இலங்கையில் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டைச் சட்டம் கொண்டுவந்தது. 2018 பிப்ரவரித் தேர்தலுக்கு முன் சுமார் 2 சதவீதமாக இருந்த பெண் உறுப்பினர்கள் அந்தத் தேர்தலுக்குப் பிறகு 20 சதவீதத்தைத் தாண்டினார்கள். அந்த ஆண்டு நடந்துகொண்டிருந்த எந்தத் திட்டத்துக்கும் "பெண்களின் பிரதிநிதித்துவம் உயர்ந்தது" என்று தன் கணக்கில் எழுதிக்கொள்ள ஆசை வரும். எழுத விடாதீர்கள். நாற்காலியைத் தந்தது சட்டம். அந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய பெண்கள் அமைப்புகளின் உழைப்பு அதில் இருக்கிறது. திட்டம் என்ன செய்தது என்று தனியாகக் கேளுங்கள். வேட்பாளராக நிற்கத் துணிவு தந்ததா? சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கக் கற்றுத் தந்ததா? மைக் மறுக்கப்பட்டபோது கூட நின்றதா?

இதற்கு எனக்குக் கைகொடுப்பது பின்னாலிருந்து முன்னால் போகும் முறை. திட்டத்தின் இலக்குப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, "இந்த மூன்று ஆண்டில் இங்கே யார் எதை வேறு விதமாகச் செய்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கிடைத்த ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு யார் யார் காரணம் என்று திட்டத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரியுங்கள். ஊழியர்கள் சொல்லும் காரணமும் பெட்டிக்கடைக்காரர் சொல்லும் காரணமும் ஒத்துப்போனால் எழுதுங்கள். வங்கதேசத்தில் 1990-களில் உருவான இன்னொரு முறையும் உண்டு: பெண்களே தங்களுக்கு முக்கியமான மாற்றக் கதைகளைச் சொல்லி, அதில் எது பெரியது, ஏன் என்று அவர்களே விவாதித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த விவாதத்தைக் கவனமாகக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த கதையைவிட, ஒதுக்கிய கதையை ஏன் ஒதுக்கினார்கள் என்பது சில நேரம் அதிகம் சொல்லும்.

கெட்ட மாற்றங்களையும் அதே அக்கறையோடு தேடுங்கள். கூட்டத்துக்குப் போனதற்கு வீட்டில் அடி விழுந்ததா, சீட்டுப் பணத்தில் சண்டை வந்து சங்கமே உடைந்ததா, திட்டம் ஒரு பெண்ணை மட்டும் தூக்கி நிறுத்தியதில் மற்றவர்கள் அவரிடமிருந்து விலகிப் போனார்களா?

இப்போது நம் கைக்கு வரும் திட்டங்களில் பாதியில் நின்றவையும் இருக்கும். அமெரிக்காவின் வளர்ச்சி உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-ல் செயல்பாட்டை நிறுத்தியது. அதன் பணத்தில் நடந்த வேலைகள் பல நாடுகளில் சட்டென்று அறுந்தன. இப்படிப்பட்ட திட்டத்தில் இலக்கை எட்டியதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. பெண்களை முன்னே வரச் சொல்லிவிட்டுக் கையை விட்டபோது அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள், அதில் எது பாக்கி நிற்கிறது என்று கேளுங்கள்.

ஏழாம் படி: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

அறிக்கையை முப்பது பக்கத்துக்குள் முடிக்கப் பாருங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் பாலின விளைவுகளுக்கு ஐந்து படி வைத்திருக்கிறது: நிலைமையை மோசமாக்கியது, பெண்களைக் கண்டுகொள்ளவே இல்லை, தலையை மட்டும் எண்ணியது, தேவையைக் கவனித்தது, அதிகார உறவையே மாற்றியது. டோனர்களுக்குப் பழகிய அளவு இது. உங்கள் ஏணியில் கிடைத்ததை இதோடு பொருத்திக் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள். முதல் வரைவை வாசித்துவிட்டு, "இதைக் கொஞ்சம் மென்மையாக்க முடியுமா?" என்று திட்டத்துக்காரர்கள் கேட்பார்கள். தகவல் தவறு என்றால் உடனே திருத்துங்கள். ஆதாரம் சரியாக இருந்தால் சொல்லை மாற்றுங்கள், முடிவை மாற்றாதீர்கள். அவர்கள் மறுப்பையும் அவர்கள் வார்த்தையிலேயே பின்னிணைப்பில் சேர்க்கலாம்.

கற்றுக்கொள்ள டில்லியிலேயே இடம் இருக்கிறது. இந்தியா ஹேபிடட் சென்டரில் இயங்கும் சமூக ஆய்வு அறக்கட்டளை நிறுவனம் (ISST) பெண்ணிய மதிப்பீட்டு முறைகளில் நெடுநாளாக வேலை செய்கிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பு தன் மதிப்பீட்டு அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இலங்கையில் 1997 முதல் 2009 வரை நோர்வே எடுத்த சமாதான முயற்சிகளை வெளியாட்கள் மதிப்பிட்டு 2011-ல் வந்த அறிக்கையும் கிடைக்கும். தோற்ற முயற்சியை எப்படி நேர்மையாக எழுதுவது என்று பார்க்க நான் அதைத்தான் கொடுப்பேன்.

கடைசியாகச் செய்ய வேண்டியதற்கு டி.ஓ.ஆர்-ல் இடம் இருக்காது, பட்ஜெட்டும் இருக்காது. ஒப்பந்தம் போடும்போதே மூன்று நாள் கூலியும் அச்சுச் செலவும் கேட்டு வாங்கிவிடுங்கள். கண்டுபிடித்ததை நான்கு பக்கத்தில், பெரிய எழுத்தில், அந்த ஊர்த் தமிழில் எழுதி, கதைத்த பெண்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதையே வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசி அனுப்புங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். பதில் வரும்.

பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருந்த பெண்ணிடமிருந்து எனக்கு வந்த பதில் ஒரு நிமிடம்கூட இல்லை. பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. "மிஸ், மூண்டாம் பக்கத்தில என்னைப் பயிற்சியால முன்னுக்கு வந்தவ எண்டு போட்டிருக்கிறியள். நான் தொண்ணூத்தஞ்சில இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்கையே சண்டை விலக்கினனான். அதை மாத்துங்கோ." மாற்றினேன். திருத்திய பிரதியை டோனருக்கும் அனுப்பினேன், இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் அவர் சொன்னபடியே இருக்கிறது. ஃபைலை மூடும் முன் கேட்டால் டோனர்கள் மறுக்க மாட்டார்கள்.